பாதி வழியில் எடுக்கப்படும் பி.எஃப்.

இந்தியாவில் தனியார் துறையில் மாதச் சம்பளம் பெறுவோர் பலருக்கு முதுமைக்கென்று இருக்கும் ஒரே முறையான சேமிப்பு, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி மக்கள் வழக்கில் பி.எஃப். என்று வழங்கும் ஊழியர் வருங்கால வைப்பு நிதிதான். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பொதுவாக 12 விழுக்காடு ஊழியரிடம் பிடிக்கப்படுகிறது. அதே அளவை நிறுவனமும் செலுத்துகிறது. ஆனால் நிறுவனத்தின் பங்கு முழுவதும் வைப்பு நிதியில் சேர்வதில்லை. அதில் 8.33 விழுக்காடு, 1995இல் தொடங்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்திற்குப் பிரிந்து செல்ல, எஞ்சிய 3.67 விழுக்காடே ஊழியரின் கணக்கில் வட்டி ஈட்டுகிறது.

இதன்படி 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் பெறும் ஒருவரின் கணக்கில், அவர் பங்காக 1,800 ரூபாயும் நிறுவனத்தின் பங்காக 550 ரூபாயும் சேர்ந்து மாதம் 2,350 ரூபாய் வரவாகும். சம்பளம் சிறிதும் உயரவில்லை என்றும், ஆண்டு வட்டி 8 விழுக்காடாகவே நீடிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால் (2024-25ஆம் ஆண்டுக்கு அது 8.25 விழுக்காடு), 30 ஆண்டுகளில் கட்டப்படும் 8.46 லட்சம் ரூபாய், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஏறத்தாழ 33 லட்சமாகிறது. இத்தொகையில் முதல் பத்தாண்டுகளில் கட்டியதன் பங்கு மட்டுமே 19 லட்சத்துக்கும் மேல் என்பதுதான் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அதே பணத்தைப் பத்தாம் ஆண்டு முடிவில் எடுத்துவிட்டால் கைக்கு வருவது சுமார் 4.24 லட்சம் மட்டுமே. இளமையில் கட்டிய பணத்துக்கு வளரக் கிடைக்கும் காலம் மிகுதியாதலால், அதை எடுப்பதால் நேரும் இழப்பும் அவ்வளவுக்குப் பெரியது.

மருத்துவச் செலவு, பிள்ளைகளின் கல்யாணம், வீடு கட்டுதல் ஆகிய தேவைகளுக்காக ஒரு குடும்பம் இந்நிதியில் கை வைப்பதைக் குறைசொல்ல முடியாது. அதற்கு விதிகளே இடமளிக்கின்றன. வேலை மாறும் ஒவ்வொரு முறையும், பெரிய தேவை ஏதுமின்றி, பழைய கணக்கை முடித்துப் பணத்தை வாங்கிவிடும் பழக்கமே வருந்தத்தக்கது. ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான பணிக்கு முன் எடுக்கப்படும் தொகை பொதுவாக வருமான வரிக்கும் உட்படுகிறது. கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டாலோ, முந்தைய பணிக்காலமும் அந்த ஐந்து ஆண்டுகளில் சேர்ந்துவிடும்.

ஓய்வூதியத்தில் நேரும் சேதம் இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். நான்கு ஆண்டு ஓரிடத்திலும் ஐந்து ஆண்டு வேறிடத்திலும் உழைத்தவர், இரு முறையும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்த ஒன்பது ஆண்டுகளும் கணக்கிலிருந்து அழிந்து, அடுத்த வேலையில் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டியவராகிறார். ஓய்வூதியமோ, ஓய்வுக்கு முந்தைய 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்து வருவது. 2014 முதல் அச்சம்பளத்துக்குப் பொதுவான உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆகவே 35 ஆண்டுக் கணக்குக்குக்கூட மாதம் 7,500 ரூபாய்தான் கிடைக்கும். விலைவாசி ஏறினாலும் அது தானாக உயராது. இவ்வளவு சிறிய ஓய்வூதியத்தை நம்பி முதுமையைக் கழிக்க இயலாது என்பதாலேயே வைப்பு நிதியை உடையாமல் காப்பது இன்றியமையாததாகிறது.

வேலை மாறுவோர் புதிய நிறுவனத்தில், நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணான பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்து, முதல் மாதங்களிலேயே கணக்கை மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். சம்பளத்தில் பிடித்த தொகை உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாஸ்புக்கில் அவ்வப்போது பார்ப்பதும், கல்யாணத்துக்குப் பின் நாமினியின் பெயரைப் புதுப்பிப்பதும் தள்ளிப்போடக் கூடாதவை. பணியில் இருக்கும்போது ஊழியர் இறக்க நேர்ந்தால், இத்திட்டத்தோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை அவருடைய குடும்பத்துக்குக் கிடைக்கும்.