கரிசற்காட்டில் கண்ட பருந்து

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவன, 1799-ஆம் ஆண்டில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனாரும், தரைமட்டமாக்கப்பட்ட அவரது கோட்டையுமே. 1974-இல் தமிழக அரசு அங்கே எழுப்பிய நினைவுக் கோட்டையைக் காணச் செல்வோர் அதனைக் கண்டு மீள்கின்றனரேயன்றி, அதனைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் கரிசற்காட்டை நின்று நோக்குவோர் மிகச் சிலர். யானும் பன்முறை அவ்வாறே மீண்டவன். மார்கழித் திங்கள் ஒன்றில் மாணவர் இருவருடன் சென்றபோதுதான், உளுந்தும் பருத்தியும் விளைந்து நின்ற புஞ்சைகளின்மேல் ஓர் அயற்பறவை எங்களைத் தடுத்து நிறுத்தியது.

அது ஊர்ப்பருந்தினும் சற்றுச் சிறியது, உடல் மெலிந்தது, வாலும் சிறகும் நீண்டவை. பயிரின் தலையைத் தொடுவதுபோல் மிகத் தாழப் பறந்தது. சில முறை சிறகடித்தபின், இரு சிறகையும் மேல்நோக்கிச் சாய்த்தவாறே மிதந்து சென்றது. அதன் நிறம் சாம்பல். சிறகின் நுனி கருமை. சிறிது நேரத்திற்கெல்லாம் மற்றொன்று வந்தது. அதுவோ பழுப்பு, முதுகு முடிந்து வால் தொடங்குமிடத்தில் ஒரு வெண்பட்டை. “ஐயா, இவை இரண்டும் வெவ்வேறு சாதி” என்றார் மாணவருள் ஒருவர். யானும் அதனை ஒப்புக்கொண்டேன்.

இப்பிழையில் எங்களுக்குத் துணையாக மேனாட்டு அறிஞரும் பலர் இருந்தனர் என்பது பின்னர்த் தெரிந்தது. இவை பூனைப்பருந்து எனப்படும் இனத்தன. இவற்றுள் ஆண் சாம்பல் நிறமும் பெண் பழுப்பு நிறமும் உடையனவாதலின், இங்கிலாந்தில் நெடுங்காலம் பலரும் ஆணை ஒரு பறவையென்றும், பெண்ணை வேறொரு பறவையென்றும் எழுதி வந்தனர். ஜார்ஜ் மாண்டேகு என்பார் கூட்டிலிருந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்து, அவை இறகு மாறி வரும்வரை பொறுத்திருந்து, இரண்டும் ஓரினத்தின் ஆணும் பெண்ணுமே என்று காட்டினார். 1802-இல் வெளிவந்த தமது பறவை அகராதியில் மற்றொரு பூனைப்பருந்தையும் அவர் பிரித்துக் காட்டினார். அது இன்றும் அவர் பெயராலேயே மாண்டேகு பூனைப்பருந்து என வழங்குகிறது. நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து நம் கரிசற்காட்டிற்குக் குளிர்காலத்தில் வருவனவற்றுள் இதுவும் ஒன்று.

ஆகவே நிறம் மட்டும் போதாது. அந்நிறம் உடலில் எவ்விடத்தில், எவ்வடிவில் அமைந்துள்ளது என்பதே கேட்கத்தக்கது. மாண்டேகு ஆணின் சிறகில், மேற்புறத்தே குறுக்காக ஒரு கருங்கோடு ஓடும். வயிற்றிலும் விலாவிலும் செம்பழுப்புக் கீற்றுகள் இருக்கும். வெளிர் பூனைப்பருந்தின் ஆணுக்கு இக்கோடும் இல்லை, கீற்றும் இல்லை. வயிறு ஏறக்குறைய வெண்மை. சிறகு நுனியின் கருமையும் ஆப்புப்போல் ஒடுங்கியிருக்கும். குளக்கரை நாணல்களின்மேல் திரியும் சேற்றுப் பூனைப்பருந்தின் பெண்ணுக்கோ தலை வெளிர்மஞ்சள், உடல் கரும்பழுப்பு. வாலடியில் வெண்பட்டை இராது. சாம்பல், பழுப்பு, வெண்மை என்று மட்டும் எழுதிவைத்தால் இம்மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

ஒளியும் நம்மை ஏமாற்றும். கதிரவனை எதிர்நோக்கி நின்றால் எப்பறவையும் கரியதே. மாலை வெயிலில் வெள்ளை வயிறு செம்மை பூக்கும். கரிசல் மண்ணின் பின்னணியில் சாம்பல் நிறம் வெண்மையாகத் தோன்றுவதை நாங்களே கண்டோம். அப்பறவை வானத்தை நோக்கி எழும்பியதும் அதுவே மங்கலாயிற்று. பருமனைக் கணிப்பதும் எளிதன்று. சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவை நூலில், சிட்டுக்குருவி, மைனா, புறா, காக்கை, பருந்து என நாம் நாளும் காண்பனவற்றையே அளவுகோலாகக் கொண்டார். அங்குலக் கணக்கு வெட்டவெளியில் உதவாது.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். அன்றிரவு வீடு திரும்பியதும் முதலில் நூலைத் திறந்தேன், வண்ணப்படங்களைப் பார்த்தேன், அதன்பின்னரே குறிப்பெழுத அமர்ந்தேன். சாம்பல் பறவையின் வயிறு வெண்மை என எழுதி, வெளிர் பூனைப்பருந்து என்று பெயரும் இட்டேன். மறுநாள் மாணவர் தமது சிறு ஏட்டைக் கொணர்ந்தார். வரப்பில் நின்றவாறே பென்சிலால் ஒரு பறவையைக் கோணலாக வரைந்து, சிறகில் ஒரு கோடிழுத்து, வயிற்றினருகே “துருப்பிடித்தாற்போல் கீற்று” என எழுதியிருந்தார். யானும் அக்கீற்றைக் கண்டவனே. ஆயினும் படத்தைப் பார்த்தபின் என் கண் கண்டது மறைந்து, ஓவியர் தீட்டியதே என் நினைவில் நின்றது! அவர் ஏட்டின்படி அது மாண்டேகு பூனைப்பருந்தின் ஆண் என்பதில் ஐயமில்லை.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. தென் தமிழகத்தில் இப்பருந்துகள் புல்வெளிகளில் கூட்டமாய்த் தரையில் இரவைக் கழிக்கும் இடங்களைத் தேடி ஆய்வாளர்கள் கணக்கெடுத்துள்ளனர். வெட்டுக்கிளியையும் எலியையும் உண்டு உழவனுக்கு உதவும் இவற்றிற்குத் தரிசும் புல்லும் வேண்டும். அவை குறையும் இடத்தில் இவையும் குறையும். எவ்வினம் குறைகிறது என்று கேட்போருக்கு, யான் எழுதியதுபோன்ற குறிப்புகள் தவறான விடையையே தரும்.

பழுப்புப் பறவையைப் பற்றி எங்களுக்குள் வழக்கு ஓயவில்லை. வெளிர் பூனைப்பருந்தின் பெண்ணாயின், கன்னத்துக் கரும்பிறைக்குப் பின்னே கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை காணப்படும். மாணவர் இருவரும் அதனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. இல்லையென்று உறுதி கூறவும் இல்லை. பறவை முகத்தைத் திருப்பியபோது நாங்கள் அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனவே ஏட்டில் “பூனைப்பருந்து ஒன்று, பெண் அல்லது இளம்பறவை, இனம் தெளியவில்லை” என்று மட்டும் எழுதி, நாளும் நேரமும் குறித்து வைத்தோம்.