ஓடும் கால்களுக்கு ஒரு களம்

ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிக்கரை 2019-ஆம் ஆண்டில் பூங்காவும் நடைபாதையுமாகச் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்ட பின்னர், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அங்கு உலாவப் போகும் எனக்குப் பழகிப்போன காட்சி ஒன்றுண்டு. பெற்றோருக்கு முன்னே ஓடி, திரும்பி வந்து, கைப்பிடிக் கம்பியில் தொங்கி, குதித்து, மறுபடியும் ஓடுகிற பிள்ளை. "ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறான்" என்று அதன் தாய் பிறரிடம் சொல்லும்போது, அக்குரலில் கோபத்தைக் காட்டிலும் களைப்பே மிகுந்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்டு முடித்து நள்ளிரவில் வீடு சேரும் தகப்பனுக்கும், இரண்டு அறை வீட்டில் பிள்ளையோடு தனித்து மல்லாடும் தாய்க்கும் அக்களைப்பு நியாயமானதே.

துறுதுறுப்பெல்லாம் வியாதியன்று. புத்திக்குறைவு இல்லாதிருந்தும் கவனமும் அடக்கமும் நிலைகொள்ளாத குழந்தைகளைக் குறித்து லண்டன் வைத்தியர் ஜார்ஜ் ஸ்டில் 1902-ல் சொற்பொழிவாற்றினார். இன்று ஏ.டி.எச்.டி. என வழங்கும் அந்நிலையை நிர்ணயிக்குமுன், குறிகள் 12 வயதுக்குள் தோன்றினவா, ஆறு மாதமேனும் நீடித்தனவா, வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே தென்படுகின்றனவா என்று வைத்தியர்கள் ஆராய்வார்கள். சிகிச்சை அவர்கள் பொறுப்பு. விளையாட்டு அதற்கு ஈடாகாது. மாலைப்பொழுதை எதில் செலுத்துவது என்ற தீர்மானம் மட்டும் பெற்றோருடையது.

அத்தீர்மானத்தில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். "உட்காரப் பழகட்டும்" என்று கீபோர்டு வகுப்பில் சேர்க்கிறோம். அல்லது, ஓடத்தானே ஆசைப்படுகிறான் என்று கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்புகிறோம். அங்கோ முப்பது சிறுவர்களுக்கு நான்கைந்து மட்டைகள். தன் முறைக்காக வெயிலில் வரிசையில் நிற்பதே பயிற்சியின் பெரும்பகுதி. காத்திருக்க இயலாமையே குறையாக உள்ள பிள்ளையைக் காத்திருத்தலையே முதலாகக் கேட்கும் களத்தில் விட்டால், அவன் 'அடங்காதவன்' என்ற பெயரோடு திரும்புவதில் ஆச்சரியமென்ன? ஆகவே, கட்டணத்தையும் கோப்பைகளையும் விசாரிக்குமுன், ஒருநாள் களத்தோரம் நின்று, ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் எத்தனை நிமிஷம் சும்மா நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த அளவுகோலில் சிலம்பம் உயர்ந்து நிற்கிறது. ஆசான் எண்ணிச் சொல்ல அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கம்பு சுற்றுகிறார்கள். கை தவறினால் கம்பு அக்கணமே முழங்காலில் தட்டிச் சொல்லிவிடுகிறது, எவரும் ஏச வேண்டியதில்லை. கபடியில் பாடிப்போகிறவனுக்கு முப்பதே விநாடி. 'கபடி, கபடி' என்று வாய் ஓயாது சொல்ல வேண்டியிருப்பதால், சிதறும் மனத்துக்கு அச்சொல்லே ஒரு கயிறாகிறது.

நீச்சலும் அவ்வாறே. ஒன்பதாம் வயதில் ஏ.டி.எச்.டி. நிர்ணயிக்கப்பட்ட அமெரிக்கர் மைக்கேல் பெல்ப்ஸ், பின்னாளில் ஒலிம்பிக்கில் 28 பதக்கங்கள் வென்றார். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே மறுத்த அச்சிறுவனுக்கு முதலில் மல்லாந்து நீந்தக் கற்பித்தார்கள் என்பதே எனக்கு அப்பதக்கங்களைவிட விசேஷமாகப் படுகிறது. ஆனால் யோசியாமல் குதித்துவிடும் சுபாவமுள்ள பிள்ளைகளாதலின், காவலாள் உள்ள குளத்தில் மட்டுமே பழக்க வேண்டும். நம் ஏரிகளில் ஒருபோதும் கூடாது.

வசதியற்றோர் வருந்த வேண்டியதில்லை. இருபது நிமிஷம் பூங்காவில் நடந்துவந்த பின்னர் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் கவனம், நகரத் தெருவில் நடந்துவந்த பின்னர் இருந்ததைவிடச் சிறந்திருந்ததாக இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் எழுதினார்கள். அதற்கு ஏரிக்கரை போதும். மாடித் தொட்டிச் செடிகளுக்கு வாளியில் நீர் சுமப்பதும், சப்பாத்தி மாவு பிசைவதும் அப்பியாசமே.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப்பாடம் முடியவில்லை என்பதற்காகச் சிலம்பத்தை நிறுத்தித் தண்டிக்காதீர்கள். முடியாத நாளில்தான் அவனுக்குக் களம் அதிகம் தேவைப்படுகிறது. முதலில் கம்பைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், வியர்த்துத் திரும்பியதும் நோட்டை விரிக்கலாம்.