பொட்டலம் எதுவரை போனது?



வீட்டில் இணையம் நன்றாகத்தான் இருக்கிறது. காணொளி தடங்கலின்றி ஓடுகிறது. ஆனால், வீட்டிலிருந்து வேலை செய்யும் உங்கள் அம்மாவோ அக்காவோ அலுவலகக் கோப்பைத் திறக்க முயன்றால் மட்டும் ‘இணைக்க முடியவில்லை’ என்று கணினி சொல்கிறது. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டிய கணக்கு அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. வீட்டில் கணினி தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய உங்களைக் கூப்பிடுகிறார்கள். முதலில் என்ன செய்வீர்கள்?

பலர் ரவுட்டர் என்னும் திசைவியை அணைத்துப் போடுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால், ஃபயர்வால் என்னும் தீச்சுவரையே நிறுத்திவிடுவார்கள். முதலாவதால் கெடுதல் இல்லை. இரண்டாவது ஆபத்தானது. நம் நாட்டில் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, ஏராளமானோர் வீட்டையே அலுவலகமாக்க வேண்டியிருந்தது. அப்போது பல வீடுகளுக்கு அறிமுகமான சொல்தான் ‘விபிஎன்’. அது இணையாதபோது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தரவுப் பொட்டலம் எதுவரை போனது?

உறைக்குள் ஓர் உறை

இணையத்தில் எந்தத் தகவலும் சிறு சிறு பொட்டலங்களாகவே பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இருக்கும். அலுவலகக் கோப்பு இருக்கும் சேவையகத்தின் முகவரி அந்த அலுவலகத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியிலிருந்து அதை நேரடியாக அடைய முடியாது.

விபிஎன் என்ன செய்கிறது? பொட்டலத்தை மறையாக்கம் செய்து, இன்னொரு பொட்டலத்துக்குள் வைக்கிறது. வெளியுறையில் அலுவலக வாசலின் முகவரி இருக்கும். அங்கே உறை பிரிக்கப்பட்டு, உள்ளிருக்கும் கடிதம் உரிய சேவையகத்துக்குப் போய்ச் சேரும்.

இப்போது வழியைக் கவனியுங்கள். கணினி, வீட்டுத் திசைவி, இணையச் சேவை நிறுவனம், அலுவலகத் தீச்சுவர், விபிஎன் சேவையகம், கடைசியில் கோப்புச் சேவையகம். இவற்றுள் எங்கே பொட்டலம் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணினி சொல்லும் செய்தியைப் படியுங்கள்

‘கடவுச்சொல் தவறு’ என்று வந்தால் வருந்தாதீர்கள். அது ஒரு வகையில் நல்ல செய்தி! பொட்டலம் அலுவலகம்வரை போய், பதிலும் திரும்பி வந்திருக்கிறது. வழியில் தடை இல்லை.

‘சான்றிதழ் செல்லாது’ என்று வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். மின்னிலக்கச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் தவறான ஆண்டைக் காட்டினால், நல்ல சான்றிதழும் செல்லாததாகவே தோன்றும்.

நெடுநேரம் காத்திருந்தும் பதிலே இல்லை என்றால்? அந்த மௌனமும் ஒரு சான்றுதான். பெரும்பாலும் ஏதோ ஒரு தீச்சுவர் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது என்று ஊகிக்கலாம்.

எந்தக் கதவு மூடியிருக்கிறது?

ஒரு கணினிக்கு முகவரி ஒன்று, கதவுகளோ பல. இக்கதவுகளின் எண்களைப் போர்ட் எண் என்பர். பாதுகாப்பான இணையப் பக்கங்கள் 443-ஆம் போர்ட்டைப் பயன்படுத்துகின்றன. விபிஎன் வகைகளில் ஓப்பன்விபிஎன் வழக்கமாக 1194-ஐயும், வயர்கார்டு 51820-ஐயும், ஐபிசெக் 500, 4500 ஆகிய இரண்டையும் நாடும். ஒரு தீச்சுவர் 443-ஐ அனுமதித்து மற்றவற்றைத் தடுத்தால், காணொளி ஓடும், விபிஎன் இணையாது. தங்கும் விடுதிகளின் வைஃபையில் இப்படி நேர்வதுண்டு.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அதே மடிக்கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுடன் இணைத்துப் பாருங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். இப்போது விபிஎன் இணைந்தால், கணினியும் கடவுச்சொல்லும் அலுவலகச் சேவையகமும் சரியாக இருக்கின்றன என்று பொருள். குறை வீட்டுத் திசைவியிலோ வீட்டு இணையச் சேவையிலோ இருக்கிறது. அப்போதும் இணையவில்லை என்றால், கணினியையோ அலுவலகத்தையோ சந்தேகிக்கலாம்.

திசைவியின் குறிப்பேடு

ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளம் கொண்டது. ஆகவே, மொத்தம் ஏறத்தாழ 4.29 பில்லியன் முகவரிகளே உண்டு. உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் இது போதாது. அதனால் வீட்டுக்குள் 192.168 என்று தொடங்குவதைப் போன்ற தனி முகவரிகளைப் பயன்படுத்துகிறோம். பொட்டலம் வெளியே போகும்போது திசைவி அதன் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதி, எந்தக் கருவி எந்தப் போர்ட் வழியாக அனுப்பியது என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. பதில் வரும்போது குறிப்பேட்டைப் பார்த்து உரிய கருவியிடம் கொடுக்கிறது.

இங்கேதான் ஐபிசெக் சிக்கிக்கொண்டது. அதன் மறையாக்கப் பொட்டலத்தில் போர்ட் எண்ணே கிடையாது. திசைவி எதைப் பதியும்? எனவே அப்பொட்டலத்தை 4500 என்ற போர்ட் எண் கொண்ட இன்னோர் உறையில் இடும் முறை 2005-இல் தரப்படுத்தப்பட்டது. ஒரு தீச்சுவர் 500-ஐத் திறந்து 4500-ஐ மூடி வைத்திருந்தால், பேச்சு தொடங்கும், பாதியில் நின்றுவிடும். தொடங்கி நிற்பதும் தொடங்காமலே போவதும் வெவ்வேறு நோய்கள்!

குறிப்பேட்டில் நெடுநேரம் பயன்படாத வரிகளைத் திசைவி அழித்துவிடும். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் விபிஎன் அறுந்துபோவதற்கு இது ஒரு காரணம். வயர்கார்டில் 25 வினாடிக்கு ஒருமுறை சிறு பொட்டலம் அனுப்பும்படி அமைத்தால் அந்த வரி அழியாமல் இருக்கும்.

இணைந்தும் கோப்பு திறக்கவில்லையா?

சில வேளைகளில் ‘இணைந்தது’ என்று பச்சை விளக்கு எரியும். கோப்பு மட்டும் திறக்காது. மூன்று காரணங்களைச் சோதியுங்கள்.

முதலாவது, முகவரி மோதல். நம் நாட்டில் ஜாலான் மாவார் என்ற பெயரில் எத்தனையோ சாலைகள் உண்டு. ஊர்ப்பெயர் இல்லாமல் ‘எண் 10, ஜாலான் மாவார்’ என்று மட்டும் எழுதினால், அஞ்சல்காரர் தம் ஊரிலுள்ள வீட்டுக்கே கொண்டுபோவார். வீட்டுத் திசைவியும் அலுவலகமும் 192.168.1 என்ற ஒரே வரிசையைப் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். 192.168.1.10 என்ற அலுவலகச் சேவையகத்தைக் கணினி வீட்டுக்குள்ளேயே தேடும். வீட்டு வரிசையை 192.168.57 என்பதைப் போல மாற்றினால் மோதல் தீரும்.

இரண்டாவது, பெயர்ச் சிக்கல். சேவையகத்தின் எண் முகவரியைக் கொடுத்தால் திறக்கிறது, பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்றால் பாதையில் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில்தான் குறை.

மூன்றாவது, உறையின் அளவு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ முறையில் இயங்கும் ஒளியிழை இணைப்பு அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 1492. வயர்கார்டின் வெளியுறைக்கு மேலும் 60 பைட் வேண்டும். ஆக, உள்ளே வைக்கும் கடிதம் 1432 பைட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ‘பெரிதாக இருக்கிறது’ என்ற அறிவிப்பு திரும்பி வர வேண்டும். அந்த அறிவிப்பையே ஒரு தீச்சுவர் தடுத்துவிட்டால், கணினி அதே பெரிய பொட்டலத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். சிறிய கோப்பு திறக்கிறது, பெரியது உறைந்து நிற்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். எம்டியு என்ற அமைப்பில் எண்ணைக் குறைப்பதே மருந்து.

தீச்சுவரை நிறுத்தினால் என்ன?

தீச்சுவரை நிறுத்தியதும் விபிஎன் இணைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்த விதி தடுத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன. திறந்த கதவுகளைத் தேடித் தானாக அலையும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் இயங்குகின்றன. அதைவிட முக்கியம், விபிஎன் இணைந்திருக்கும் கணினி அலுவலகத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. வீட்டுக் கணினியில் புகுந்த தீநிரல் அதே பாதையில் அலுவலகத்துக்கும் போக முடியும். ஆகவே, விபிஎன் செயலிக்கு மட்டும் அனுமதி தரும் ஒரு விதியைச் சேர்ப்பதே முறை. அது அலுவலகம் கொடுத்த கணினி என்றால், அமைப்புகளை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை. நீங்கள் கண்டறிந்ததை எழுதிக் கொடுங்கள். அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த உற்றறிதல், கருதுகோள், மாறி ஆகியவை நினைவிருக்கின்றனவா? இங்கே இணைப்பு வழி தற்சார்பு மாறி. விபிஎன் இணைவதும் இணையாததும் சார்பு மாறி. கணினி, கடவுச்சொல் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்து பாருங்கள்

1. பெற்றோரின் அனுமதியுடன், வீட்டு வைஃபையில் இணைந்த மடிக்கணினியின் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அதே கணினியைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முகவரி எப்படி மாறியது என்று பாருங்கள்.

3. விபிஎன் பயன்படுத்துவோர் வீட்டில் இருந்தால், நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்துக் கொடுங்கள்: நேரம், எந்த இணைப்பு, திரையில் வந்த சரியான சொற்கள், எது வேலை செய்தது. அடுத்த முறை சிக்கல் வரும்போது, ‘இணையவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்த அட்டவணையே தொழில்நுட்பப் பிரிவுக்குப் பெரிதும் உதவும்.