முகமூடி அணியாத துரைத்தனம்

வெள்ளையர் மேன்மையை நிலைநாட்டப் புறப்பட்ட கூட்டங்கள் என்றதும், நம் மாணவர்களின் மனக்கண்முன் முதலில் தோன்றுவது அமெரிக்காவின் கூ கிளக்ஸ் கிளான் ஆகும். அடிமை முறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலப் படையின் முன்னாள் வீரர் சிலர், 1865ஆம் ஆண்டு டெனசி மாநிலத்துப் புலாஸ்கி என்னும் ஊரிலே அதனைத் தொடங்கினர். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களிக்கச் செல்லாவண்ணம் இரவில் மாறுவேடம் பூண்டு வந்து அடித்தனர், கொன்றனர். 1871இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களை அடக்கிற்று. எனினும் 1915இல் அக்கூட்டம் மீண்டும் தலைதூக்கி, அடுத்த பத்தாண்டில் இலட்சக்கணக்கானோரைத் தன்பால் சேர்த்துக்கொண்டது.

இவையெல்லாம் கடலுக்கப்பாலுள்ள கதைகள் என்றெண்ணி வாசகர் இப்பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. நமது மலைநாட்டிலும் நிறவெறி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. அதற்கு முகமூடி தேவைப்படவில்லை, இரவும் தேவைப்படவில்லை. சட்டமும் காரியாலயமும் பொழுதுபோக்குக் கழகமும் அதன் கையில் இருந்தன.

மாத்தளையை எடுத்துக்கொள்வோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடும் சேனையும் முடிக்குரியவை என்று விதித்தது. பாட்டன் பூட்டன் காலந்தொட்டுப் பயிர்செய்த சிங்களக் குடியானவனிடம் பத்திரம் ஏது? நிலம் கோப்பித் தோட்டங்களாயிற்று. வாங்கியவர்களுள் அரசாங்க உத்தியோகத்தரே பலர் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இதன்மேல் 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி வந்தது. வீதி வேலையும் வந்தது. அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளையில் கொங்காலகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். இரு நாட்களில் கிளர்ச்சிக்காரர் மாத்தளை நகருட் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினர். தேசாதிபதி டொரிங்டன் பிரபு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். ஆகஸ்டு 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். இக்கொடுமை இங்கிலாந்தின் பாராளுமன்றத்திலேயே விசாரணைக்கு வந்து, 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். சென்றவர் தேசாதிபதி ஒருவரே. நிலச் சட்டம் செல்லவில்லை.

அதே ஆண்டுகளில் வேறொரு கூட்டத்தாரும் மாத்தளைக்கு வந்துகொண்டிருந்தனர். தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய நம்மவர்கள், மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாக நூறு மைலுக்கு மேல் காட்டுப்பாதையிலே நடந்து மாத்தளையை அடைந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். ஐந்து தேர்களுக்குப் பெயர்போன மாத்தளை முத்துமாரியம்மனை, அவ்வழி தப்பி வந்தோர் கைகூப்பிய தெய்வம் என்று முதியோர் சொல்வதுண்டு. இரயில் மாத்தளைக்கு வந்தது 1880இலேதான்.

வந்தவர்களை ஆள்வதற்குத் துரைமார் ஒன்றுபட்டனர். 1854இல் கண்டியிற் கூடித் தோட்டத்துரைமார் சங்கத்தை நிறுவினர். இன்று இலங்கையராலேயே நடத்தப்படும் அச்சங்கத்தை நாம் கிளானோடு ஒப்பிடவில்லை. வீதி, இரயில், ஆள்வரவு என்பனவே அன்று அது வாய்விட்டுச் சொன்ன கவலைகள். ஆயினும் தேசாதிபதியின் காதில் அதன் குரல் விழுந்தது போல வேறெவர் குரலும் விழவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறை செல்லவேண்டியவனானான். கடன்காரனுக்கு வழக்கு உண்டு; தோட்டத்தை விட்டு ஓடிய கூலிக்கோ விலங்கு! கங்காணியின் கடனைத் தோட்டத்திற்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறையும் இதனோடு சேர்ந்துகொண்டது. இவ்விரண்டும் ஒழிவதற்கு 1921ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டத்தில் எழுதப்படாத விதிகள் இவற்றினும் கொடியன. துரை எதிர்ப்பட்டால் குடையை மடக்கவேண்டும்; செருப்பைக் கழற்றவேண்டும்; பாதையோரம் ஒதுங்கி நிற்கவேண்டும். மலையுச்சியிலே பங்களா, பள்ளத்திலே லயம். பெரட்டுக்களத்தில் விடியுமுன்னே கூடிய ஆணும் பெண்ணும் பெயரற்ற எண்ணாகவே எண்ணப்பட்டனர். புதிதாக வரும் சின்னத்துரைகள் தமிழ் கற்பதற்கென அச்சான கைந்நூல் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. வயதில் மூத்தாரை ‘வாருங்கள்’ என்றழைக்கும் மொழியிலே, வெள்ளை வாலிபன் கற்ற முதற்பாடம் அதுவாயிற்று. நூல் முழுவதையும் படிக்கவேண்டியதில்லை, தலைப்பே போதும்.

இந்த ஏற்பாட்டின் உண்மை முகம் முழுமையாய் வெளிப்பட்டது, ஒரு வெள்ளையன் அதன் எல்லையைக் கடந்தபோதுதான். லண்டனிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த மார்க் அந்தனி பிரேஸ்கர்டில் என்னும் இளைஞர், 1936இல் தோட்டத் தொழில் பழக இலங்கைக்கு வந்தார். மாத்தளையை அடுத்து, கண்டி மாவட்டத்தின் மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் அவருக்கு வேலை. தொழிலாளரின் நிலைகண்டு அவர் மனம் நொந்தார். அவர்களோடு மனிதரைப்போற் பழகினார். பிணக்கு நேர்ந்தபோது அவர்கள் பக்கமே நின்றார். வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார்.

1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் பெருங்கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயா அம்மையாரும் அதிற் பேசினார். வெள்ளைத் துரையொருவர் மேடையேறி, மலைமீதுள்ள பங்களாக்களைச் சுட்டிக்காட்டி, அங்குள்ள சுகவாழ்வு யாருடைய உழைப்பில் விளைந்தது எனப் பேசியதைக் கேட்ட தொழிலாளர் எத்துணை வியந்திருப்பர்! தோட்டத்துரைமார் வியக்கவில்லை; வெகுண்டனர். தமிழரோ சிங்களவரோ பேசியிருப்பின் கலகக்காரன் என்று தள்ளியிருப்பார்கள். வெள்ளைத்தோல் பேசியதே அவர்களுக்கு ஆபத்தாகத் தோன்றிற்று. துரைக்குத் தொழிலாளி அஞ்சியது துரை வேறு பிறவி என்ற நம்பிக்கையினால் என்றால், தம்முள் ஒருவனே கீழிறங்கி வந்து ‘நானும் மனிதன், நீயும் மனிதன்’ எனும்போது அந்நம்பிக்கைக்கு என்ன மிஞ்சும்?

தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ், 48 மணி நேரத்துள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு ஏப்ரல் 22ஆம் நாள் அவருக்குக் கட்டளையிட்டார். குற்றச்சாட்டு இல்லை, விசாரணையும் இல்லை. கட்சியினர் அவரை ஒளித்துவைத்தனர். பொலிசார் தீவெங்கும் தேடிக்கொண்டிருக்க, மே 5ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டிருந்த மாபெரும் கூட்டத்தின் முன் அவர் திடீரெனத் தோன்றினார். அன்று அரசாங்க சபையிலே, தேசாதிபதியைக் கண்டிக்கும் பிரேரணை 34 வாக்குகளுக்கு 7 வாக்குகளால் நிறைவேறிற்று. பின்னர்க் கைதான பிரேஸ்கர்டிலுக்காக எச். வி. பெரேரா வாதாடினார். மே 18ஆம் நாள், பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்சைத் தலைவராகக் கொண்ட உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவசர காலத்துக்கென ஏற்பட்ட அதிகாரத்தைச் சாதாரண காலத்திலே தேசாதிபதி பிரயோகித்தல் செல்லாது என்பது தீர்ப்பு. நீதியரசரும் ஓர் ஆங்கிலேயரே என்பதை இவ்விடத்திற் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பிரேஸ்கர்டில் அவ்வாண்டிலேயே தம் விருப்பப்படி இங்கிலாந்து சென்றார், 1999இல் காலமானார். அவரைக் கேட்ட தொழிலாளரின் கதை அவ்வளவு விரைவில் முடியவில்லை. 1948இல் நாடு சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள், அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதனை இயற்றியது வெள்ளையரன்று. நாமே தெரிந்தெடுத்த பாராளுமன்றம். பள்ளத்தில் இருப்பவன் பள்ளத்திலேயே இருக்கவேண்டும் என்ற பாடத்தைப் புதிய எசமானர் நன்றாகவே கற்றிருந்தனர். அவர்களது வமிசத்தாருள் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்.

றத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பக்கங்களிலே இன்றும் பழைய லயங்களிற் பலர் வாழ்கின்றனர். தோட்ட முகாமையாளர் இந்நாட்டவரே. தொழிலாளர் அவரைக் குறிப்பிடும் சொல் மட்டும் ‘துரை’ என்றே இருந்துவருகின்றது.