ஆற்றங்கரையில் விளையும் பால்சா

மரம் என்றால் கனமும் உறுதியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ளது. அதே அளவு பால்சா, நன்கு உலர்ந்தபின், சுமார் 160 கிலோதான். இவ்வளவு இலேசான மரத்துக்கு உலகச் சந்தையில் ஏற்பட்ட ஏற்ற இறக்கம் வாடிக்கையாளர்கள் அறியத் தக்கது.

தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில், குவாயாஸ் ஆற்றுப் படுகையிலும் அமேசானின் துணை நதிக்கரைகளிலும் இம்மரம் செழிக்கிறது. வெள்ளம் வடிந்த மணல்திட்டுகளில் முதலில் முளைப்பவற்றுள் இதுவும் ஒன்று. நம் இலவ மரத்தின் உறவு இது. விதைகள் அதைப் போலவே பஞ்சுடன் காற்றில் பறக்கும். நான்கு முதல் ஏழு ஆண்டுகளுக்குள் வெட்டிவிட வேண்டும். மேலும் நின்றால் நடுத்தண்டு கெடத் தொடங்கும். வெட்டிய மரத்திலும் ஈரம் மிகுதி என்பதால் உடனே சூளையில் உலர்த்தியாக வேண்டும். ஆக, நல்ல விலை வரும்வரை இருப்பு வைக்க இயலாத சரக்கு இது.

ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் தெப்பம் என்று பொருள். நம் கட்டுமரம்போல் அடிமரங்களைக் கயிற்றால் பிணைத்து அக்கரையோர மக்கள் கடலோடினர். 1947ஆம் ஆண்டு தோர் ஹெயர்தால் உள்ளிட்ட அறுவர், ஒன்பது பால்சா அடிமரங்களால் அமைந்த கோன்-டிக்கி தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாட்களில் பசிபிக்கின் ரரோயா தீவை அடைந்தனர். பச்சை மரமாகவே வெட்டியதால் உள்ளிருந்த சாறு கடல்நீர் புகாமல் தடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மஸ்கிட்டோ விமான உடலிலும், இரு ஒட்டுப்பலகை அடுக்குகளுக்கு நடுவே பால்சா இருந்தது.

இன்று அதே உத்தி காற்றாலை இறக்கைகளில் பயன்படுகிறது. கண்ணாடியிழைத் தகடுகளுக்கிடையே பால்சா வைத்தால் இறக்கை இலேசாகவும் விறைப்பாகவும் அமையும். 2020 இறுதிக்குள் மின்தொகுப்பில் இணைந்தால்தான் மானியம் என்று சீனா காலக்கெடு விதித்தபோது, தேவை திடீரெனப் பெருகி விலை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. தோட்ட மரங்கள் போதாமையால் வியாபாரிகள் பஸ்தாசா ஆற்றுத் தீவுகள்வரை சென்றனர். அச்சுவார், வௌரானி பழங்குடியினரின் நிலங்களிலும் அனுமதியற்ற வெட்டு பரவியது. மறுபுறம், விலையைக் கண்ட விவசாயிகள் பலர் புதிதாகக் கன்று நட்டனர்.

நான்காண்டுக்குப் பின் வரும் வரவை இன்றைய உச்ச விலையில் கணக்கிட்ட கடன் விண்ணப்பங்களை நானும் மேசையில் கண்டதுண்டு. ஈக்வடாரில் நடந்ததும் அதுவே. 2021இல் தேவை சரிந்தது. விலையுயர்வால் சலித்த இறக்கை உற்பத்தியாளர்கள் அதற்குள் பெட் எனும் நெகிழி நுரைக்குப் பெருமளவு மாறியிருந்தனர். புதுக் கன்றுகள் அப்போதும் முதிர்ந்திருக்கவில்லை.