குக்கர் விசிலும் குழந்தையின் பயமும்

"விசில் சத்தம் கேட்டாலே மூணு வயசுப் பையன் அலறிக்கிட்டு வந்து காலைக் கட்டிக்கிறான். என்னைக்கோ ஒரு நாள் ஆவி கையில பட்டது. அதை மறக்கவே மாட்டேங்கிறானே!" என்று அங்கலாய்த்தாள் பக்கத்து வீட்டுப் பெண்.

தப்பு அவன் மேல் இல்லை. மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. சத்தமும் சூடும் சேர்ந்து வந்தால், அங்குள்ள நரம்பணுக்களின் இணைப்பு இறுகிவிடும். அதை நிலைக்க வைப்பதில் பி.டி.என்.எஃப். என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. செடிக்கு உரம் மாதிரி, நரம்பணுக்களுக்கு இது. 1982-ல் பார்டே, தோனன் என்ற விஞ்ஞானிகள் பன்றியின் மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? பயம் தணியவும் இதே புரதம் உதவுகிறது! பயந்துபோன எலிகளின் மூளையில், நெற்றிப்பக்கத்துப் பகுதி ஒன்றில் இதைச் செலுத்தியதும் பயம் குறைந்ததாக 2010-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. ஆனால் பழைய நினைவு அழியவில்லை. 'இனி ஆபத்தில்லை' என்ற புது நினைவு அதை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான்.

அதனால், "ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா?" என்று அவனைத் தரதரவென்று இழுத்துப் போகாதீர்கள். கூடத்தில் யாராவது மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணாச்சு, ரெண்டாச்சு" என்று விசிலை எண்ணச் சொல்லட்டும். நாலு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் கிட்டே. அடுப்பு வரை மட்டும் வேண்டாம். அந்தப் பயம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்!