உங்களுக்குத் தெரியுமா? லக்னம் என்பது எது?

குழந்தை பிறக்கும் நொடியில் கிழக்கு அடிவானத்தில் உதித்துக்கொண்டிருக்கும் ராசியே அதன் லக்னம். ஜாதகக் கட்டத்தில் ‘ல’ என்று குறிக்கப்படுவது இதுதான். முதல் வீடும் இதுவே. உடலமைப்பு, இயல்பு ஆகியவற்றை ஜோதிடர்கள் இதைக் கொண்டு கணிக்கின்றனர். ‘என்ன ராசி?’ என்றால் தமிழர் சொல்வது சந்திரன் நின்ற ராசியை. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாள் ஆகும். லக்னமோ, பூமி சுழல்வதால், சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடும். இந்த அளவும் எல்லா ராசிக்கும் ஒன்றல்ல: சென்னையில் மீனம் உதித்து முடிய சுமார் 1 மணி 40 நிமிடமும், மிதுனத்துக்கு 2 மணி 10 நிமிடமும் ஆகும். ஊருக்கு ஊரும் இது மாறும்; பிறந்த நேரத்தோடு ஊரையும் ஜோதிடர் கேட்பது இதனால்தான். சூரிய உதயத்தின்போது மட்டும் கணக்கு எளிது: சூரியன் நிற்கும் ராசியே லக்னம். சித்திரையில் அது மேஷம்.